கொயில் மாத்துறதுக்கு முன்னாடி மீட்டரை வைங்க

மலையில பைக் வச்சிருக்கிற யாருக்கும் இந்த வரிசை தெரியும். முதல்ல ஹெட்லைட் மங்கும். அப்புறம் ஹார்ன் தொண்டை கட்டின மாதிரி கத்தும். ஒரு நாள் காலையில செல்ஃபை அமுக்கினா ‘டிக், டிக்’னு சத்தம் மட்டும் வரும். கடன் வாங்கிப் புது பெட்டரி போடுவோம். ஒரு மாசத்துல அதுவும் படுத்துரும். அப்போதான் யாராவது சொல்லுவாங்க: “மெக்னட் கொயில் போயிருக்கும் தம்பி, மாத்திருங்க.”

அவரு அளந்து பார்த்துட்டா சொன்னாரு? பெரும்பாலும் இல்ல. மங்கின லைட்டைப் பார்த்தாரு, அனுபவத்துல சொல்லிட்டாரு. சில நேரம் அது சரியாவும் இருக்கும். தப்பா இருந்தா அந்தக் காசு யாரோடது?

கொயில், அதாவது ஸ்டேட்டர், மாத்துற வேலையில ஸ்பேனர் பிடிக்கிறது பாதிதான். மாத்துறதுக்கு முன்னாடியும் மாத்தின பிறகும் அளந்து பார்க்கிறது மீதிப் பாதி. நம்ம பக்கம் அந்த மீதிப் பாதி நடக்கிறதே இல்ல. அதுக்கு பாஸ்மாரை மட்டும் குறை சொல்றது நியாயமில்ல, வண்டி கொண்டுபோற நாமளும் காரணம். இதைத்தான் இங்க பேச வர்றோம்.

முதல்ல அந்த சாமான் என்னன்னு பார்ப்போம். எஞ்சினோட இடது பக்க மூடிக்குள்ள ஒரு இரும்பு வளையம். அதைச் சுத்தி செம்புக் கம்பி கட்டுக் கட்டா சுத்தியிருக்கும். அது அசையாது. அதைச் சுத்தி காந்தம் பதிச்ச ஒரு சக்கரம் எஞ்சினோட சேர்ந்து சுழலும். காந்தம் சுழல, கம்பியில மின்சாரம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் ஃபரடே கண்டுபிடிச்ச விஷயம் இது. தலவாக்கலையில அணை கட்டி, 2012-இல் திறந்த மேல் கொத்மலை மின்நிலையம் 150 மெகாவாட் எடுக்கிறதும் இதே தத்துவத்துலதான். அங்க சுழற்றுறது கொத்மலை ஓயாத் தண்ணி, இங்க சுழற்றுறது பெட்ரோல். சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்து வளைவுல வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிற ஒவ்வொருத்தரோட கால் பக்கத்துலயும் ஒரு குட்டி மின்நிலையம் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

அந்த மின்நிலையத்துல பிறக்கிறது ஏசி மின்சாரம். பெட்டரிக்கு அது ஆகாது. ரெகுலேட்டர்னு நாம சொல்ற சின்ன அலுமினியப் பெட்டிதான் அதை டீசியா மாத்தி, 14 வோல்ட் சொச்சத்துல கட்டுப்படுத்திக் கொடுக்கும். ஆக சார்ஜ் ஏறலைன்னா சந்தேகப்பட நாலு இடம் இருக்கு: பெட்டரி, கொயில், ரெகுலேட்டர், இதையெல்லாம் இணைக்கிற வயரும் சொக்கட்டும். நாலுல மலிவானது சொக்கட். அதிகமா மாத்தப்படுறது பெட்டரியும் கொயிலும்.

நம்ம ஊர்ல இது சின்னப் பிரச்சினையும் இல்ல. 2020 மார்ச்சுல நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் மறுபடி திறந்தது. ஏறக்குறைய அஞ்சு வருஷம் இருக்கிற வண்டியையே ஓட்டித் தேய்ச்சோம். நடுவுல 2022-இல் டொலர் 200 ரூபாயிலருந்து சில மாசத்துல 360 வரைக்கும் போச்சு, பார்ட்ஸ் விலையும் கூடவே ஏறிச்சு. தோட்டத்து நாட்கூலியோ 2021-இல் ஆயிரம், 2024 செப்டம்பர்ல அடிப்படை 1350. ஒரு கொயில், ஒரு ரெகுலேட்டர், ஒரு பெட்டரி மூணையும் சேர்த்து, அது எத்தனை நாள் கொழுந்துன்னு உங்க டவுன் கடை விலையை வச்சு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

வண்டி எதுக்கு ஓடுதுன்னும் யோசிங்க. திம்புள்ள, பத்தனைப் பக்கத்துல பல டிவிஷன்லருந்து மெயின் ரோட்டுக்கு வர்ற வழியில பஸ் இல்ல. ராத்திரியில ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா, டியூஷன் முடிஞ்சு பிள்ளை இருட்டுல நின்னா, அதிகாலையில கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கணும்னா, யாரோ ஒரு அண்ணனோட பைக்தான் போகும். அந்த பைக்கோட ஹெட்லைட் பனிக்குள்ள அணையுறது ரிப்பேர்ப் பிரச்சினை மட்டும் இல்ல, உயிர்ப் பிரச்சினை.

நம்ம ரோடும் கொயிலை வேற விதமா சோதிக்கும். மழை மாசத்துல பகல்லயும் லைட் போட்டுத்தான் ஓட்டணும். பனிக்காக 55 வாட் பல்பு ரெண்டை முன்னாடி மாட்டுறோம். ரெண்டும் சேர்ந்து 110, அதோட ஹெட்லைட் ஒரு 35, மொத்தம் 145 வாட். 12 வோல்ட்டுக்கு வகுத்தா 12 அம்பியர். சின்ன பைக்கோட கொயில் பலதும் முழு வேகத்துலகூட அவ்வளவு தராது, மிச்சத்தை பெட்டரிதான் கொடுக்கணும். இறக்கத்துலயோ இன்னொரு கதை. 2022-இல் கியூஆர் அட்டை வந்தப்போ பைக்குக்கு வாரத்துக்கு 4 லீட்டர்தான். அப்போ எஞ்சினை நிப்பாட்டிட்டு இறக்கத்துல உருட்டிப் போற பழக்கம் நிறையப் பேருக்கு வந்துச்சு, இன்னும் போகல. எஞ்சின் நின்னா கொயிலும் நிக்கும், லைட் முழுக்க பெட்டரியைத் தின்னும். (எஞ்சினோட பிடி இல்லாம பிரேக்கை மட்டும் நம்பி இறங்குறது அதைவிட ஆபத்து.) பெட்டரி இப்படித் தீர்ந்துபோனா அதுக்குக் கொயில் குற்றவாளி இல்ல. ஆனா பழி அது மேலதான் விழும்.

அப்போ எப்படி அளக்கிறது? ஒரு சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் போதும். டிவி, ரேடியோ ரிப்பேர் பண்றவங்ககிட்ட எல்லாம் இருக்கும்.

முதல் அளவு பெட்டரியில. வண்டியை நிறுத்தி சில மணி நேரம் கழிச்சு டீசி வோல்ட்ல வச்சுப் பார்க்கணும். நல்லா சார்ஜ் ஏறின பெட்டரி 12.6 பக்கம் காட்டும். இப்போ ஸ்டார்ட் பண்ணி, எஞ்சினை நிமிஷத்துக்கு 5000 சுற்று அளவுக்குக் கொண்டுபோனா அது 13.5-க்கும் 14.5-க்கும் இடையில ஏறி நிக்கணும். அப்படி நின்னா சார்ஜிங் சரி, கொயிலைத் தொடாதீங்க. பெட்டரி பழசாயிருக்கலாம், இல்ல எங்கேயோ மின்சாரம் கசியலாம். 15-ஐத் தாண்டிப் போனா ரெகுலேட்டர் கட்டுப்படுத்தலைன்னு அர்த்தம். 12-லயே கிடந்து இறங்கிக்கிட்டே போனாத்தான் அடுத்த அளவுக்குப் போகணும்.

ரெண்டாவது அளவு கொயில்ல. எஞ்சினை நிறுத்தி, கொயில்லருந்து ரெகுலேட்டருக்குப் போற சொக்கட்டைக் கழட்டணும். கழட்டும்போதே சொக்கட்டை நல்லாப் பாருங்க. ஒரு பின் பழுப்பாகியோ, பிளாஸ்டிக் உருகியோ இருந்தா கதை பாதி அங்கேயே கிடைச்சிரும். இப்போ பல வண்டியில ஒரே நிறத்துல மூணு வயர் வரும். ரெண்டு ரெண்டா ஓம் பார்த்தா மூணு அளவும் ஒரே மாதிரி இருக்கணும். அது ரொம்பச் சின்ன எண், பெரும்பாலும் ஒரு ஓமுக்குக் கீழ. மீட்டர் முள் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டா என்ன காட்டுதோ அதைக் கழிச்சுக்கணும், இல்லாட்டி கணக்குத் தப்பும்.

மூணாவது, ஒவ்வொரு வயருக்கும் எஞ்சின் பொடிக்கும் நடுவுல தொடர்பு இருக்கான்னு பார்க்கணும். இருக்கக் கூடாது. மீட்டர் கத்தினா உள்ள எனாமல் எரிஞ்சு கம்பி இரும்பைத் தொட்டிருச்சுன்னு அர்த்தம். ஒரு எச்சரிக்கை: சில பழைய சின்ன வண்டிகள்ல கொயிலோட ஒரு முனையைப் பொடியிலயே கட்டியிருப்பாங்க. அதுல மீட்டர் கத்துறது இயல்பு. மொடல் தெரியாம தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நாலாவதுதான் முக்கியம். ஓம் சரியா இருந்தாலும் உள்ளுக்குள்ள சில சுற்று ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா ஓம் மீட்டருக்குத் தெரியாம போகலாம். அதனால சொக்கட் கழண்டபடியே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஏசி வோல்ட்ல ரெண்டு ரெண்டா அளக்கணும். மூணும் சமமா இருக்கணும், எக்ஸிலேட்டர் கூட்டக் கூட்ட ஏறணும். பல வண்டியில 5000 சுற்றுப் பக்கம் 50 வோல்ட்டைத் தாண்டும். வெறும் கையால தொடாதீங்க, மழையில செய்யாதீங்க. மூணுல ஒண்ணு மட்டும் கீழ கிடந்தா கொயில் போச்சு. மூணும் சமமா ஏறியும் பெட்டரிக்கு சார்ஜ் வரலைன்னா கொயில் நல்லா இருக்கு. ரெகுலேட்டரையும் வயரையும் பாருங்க.

இந்த நாலும் கால் மணி நேர வேலை. இதுக்குப் பதிலா நம்ம பக்கம் நடக்கிறது ரெண்டு. ஒண்ணு, கொயில் வயரைப் பொடியில உரசிப் பொறி வருதான்னு பார்க்கிறது. இன்னொண்ணு, வண்டி ஓடும்போதே பெட்டரி டேர்மினலைக் கழட்டி, எஞ்சின் நிக்குதான்னு பார்க்கிறது. பழைய வண்டியில இது பெரிய சேதம் பண்ணாம தப்பியிருக்கலாம். எலெக்ட்ரோனிக் சிடிஐ, எஃப்ஐ உள்ள வண்டியில பெட்டரி இல்லாம ஓடினா வோல்டேஜ் திடீர்னு எகிறும். ஒரு கொயிலைச் சோதிக்கப் போய் அதைவிட விலை கூடின பெட்டியை எரிச்சுருவோம்.

எங்க தோட்டத்து அண்ணன் ஒருத்தரோட வண்டியில ஒரு தடவை கொயில் மாத்தியாச்சு, மூணே மாசத்துல மறுபடி எரிஞ்சது. அவருக்கு ரெண்டு பேர் சொன்ன காரணம் “டூப்ளிகேட் சாமான்”. டூப்ளிகேட் சாமான் சந்தையில நிறைய இருக்கு, மறுக்கல. ஆனா லயத்துப் பக்கத்துல வேலை செய்யிற பாஸ் அண்ணனோட சேர்ந்து நாங்க மீட்டரை வச்சு ஒவ்வொண்ணா எழுதினோம். பெட்டரி, எஞ்சின் ஓடும்போதும் 12.1. கொயில் பொடியில ஒட்டியிருந்துச்சு. சொக்கட்டுல ஒரு பின் உருகியிருந்துச்சு. ரெகுலேட்டரை டயோட் டெஸ்ட்ல வச்சா, ஒரு வழியில மட்டும் போக வேண்டிய மின்சாரம் ஒரு காலில ரெண்டு வழியிலயும் போச்சு. அதாவது ரெகுலேட்டர் உள்ள ஷோர்ட். அது கொயிலைத் தொடர்ந்து அளவுக்கு மீறி இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. கொயிலை மட்டும் மாத்தியிருந்தா மூணாவது கொயிலும் அதே வழியிலதான் போயிருக்கும். பாஸ் அண்ணன் மீட்டரைப் பார்த்துட்டுச் சொன்ன ஒரே வார்த்தை: “அப்போ கொலைகாரன் இவன்தானா!”

‘பழசு ஏன் எரிஞ்சுச்சு?’ இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம புதுசை மாட்டுறது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைக்கிற மாதிரி.

மாட்டுற வேலையிலயும் கவனிக்க வேண்டியது இருக்கு. பெரும்பாலான வண்டியில மூடிக்குள்ள எஞ்சின் ஒயில் இருக்கும், முதல்ல அதை வடிக்கணும். சில மொடல்ல கொயில் மூடியோடயே வரும், சிலதுல காந்தச் சக்கரத்துக்குப் பின்னால இருக்கும். பின்னால இருந்தா சக்கரத்தை இழுக்கிறதுக்குன்னே உள்ள புல்லர்தான் வேணும். சுத்தியலால தட்டினா காந்தம் வெடிக்கும், கிராங்கும் அடி வாங்கும். பழைய கெஸ்கட்டைச் சுரண்டும்போது அலுமினியத்துல கீறல் விழக் கூடாது, விழுந்தா ஒயில் கசியும். புது கெஸ்கட்டே போடுங்க. காந்தத்துல இரும்புத் தூளோ சின்ன போல்ட்டோ ஒட்டியிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. கொயில் வயர் பழைய வழியிலேயே போகணும், கிளிப்புல கட்டணும். சுழல்ற சக்கரம் வயரை ஒரு தடவை உரசினா புதுக் கொயிலோட ஆயுசு அன்னைக்கே முடிஞ்சது. பக்கத்துல பிக்கப் கொயில் இருந்தா அதோட இடைவெளி மாறக் கூடாது, மாறினா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. உருகின சொக்கட்டை வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்க, வயரை முறுக்கி டேப் சுத்தி விடாதீங்க. மழை அந்த டேப்புக்குள்ளதான் குடியிருக்கும்.

புதுசுக்குக் காசு இல்லாதப்போ பழைய கொயிலையே திரும்பச் சுத்தி வாங்கலாம். சுத்துறவர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: சூடு தாங்கும் எனாமல் கம்பியா? வார்னிஷ் போட்டுச் சூளையில காய வைப்பீங்களா? கொதிக்கிற ஒயில்ல வேலை செய்ற சாமான் அது. ஃபேனுக்குச் சுத்துற கம்பி அதுக்குப் போதாது.

எல்லாம் முடிஞ்சு ஒயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணினதும் “லைட் எரியுது, சரி”ன்னு அனுப்பிரக் கூடாது. மறுபடி மீட்டர். பெட்டரியில ஐட்லிங்ல எவ்வளவு, 5000-இல் எவ்வளவு, ஹெட்லைட் போட்டா எவ்வளவு. அந்த அண்ணனோட வண்டி 14.2 காட்டுச்சு. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து சொக்கட் சூடாகுதான்னு தொட்டுப் பார்த்தோம். கசிவு இல்ல. அதுக்குப் பிறகுதான் வேலை முடிஞ்சதுன்னு பாஸ் அண்ணன் கை கழுவினாரு.

சரி, இவ்வளவு நல்ல முறைன்னா பாஸ்மாரு ஏன் செய்யிறதில்ல? நாங்க ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டோம். பதில் கிட்டத்தட்ட ஒண்ணுதான். “தம்பி, பார்த்ததுக்கு யாரு காசு தர்றா? பார்ட்ஸ் மாத்தினாத்தான் கூலி.” இதுல உண்மை இருக்கு. கால் மணி நேரம் அளந்து, “கொயில் நல்லா இருக்கு, சொக்கட்டை மட்டும் மாத்துங்க”ன்னு ஒரு பாஸ் சொன்னா, நாம என்ன செய்வோம்? “சும்மா ஒரு வயரைத் தொட்டதுக்கு இவ்வளவா?”ன்னு கேட்போம். ஆயிரக் கணக்குல கொயில் மாத்தச் சொன்னா மறுபேச்சு இல்லாம கொடுப்போம். கண்ணுக்குத் தெரியிற சாமானுக்குத்தான் நம்மகிட்ட மதிப்பு, அறிவுக்கு இல்ல. டொக்டர் மருந்தே எழுதாட்டியும் பார்த்ததுக்கு ஃபீஸ் கொடுக்கிற நாம, பாஸுக்கு மட்டும் ஏன் யோசிக்கிறோம்? சோதிக்கிறதுக்குன்னு தனியா ஒரு தொகை பேசிக் கொடுத்தா, பொய்யா பார்ட்ஸ் மாத்த வேண்டிய தேவையே பாஸுக்கு வராது. நேர்மையான வேலையை நட்டத்துல தள்ளிட்டு நேர்மை இல்லைன்னு புலம்புறது நம்ம பழக்கம்.

“எனக்குச் சத்தத்துலயே தெரியும், மீட்டர் எதுக்கு?”ன்னு சொல்ற மூத்த பாஸ்மாரும் உண்டு. அவங்க காது பெரிய சொத்து, அதை நாங்க குறைச்சுப் பேசல. ஆனா காதுல இருக்கிறதை வண்டிக்காரருக்குக் காட்ட முடியாது, கூட நிக்கிற பொடியனுக்குக் கற்றுக் கொடுக்கிறதும் கஷ்டம். 12.1-ன்னு ஒரு எண்ணை எழுதி வச்சா அது எல்லாருக்கும் பொது. நாளைக்கு வேற கராஜுக்குப் போனாலும் அந்தத் தாள் பேசும். இன்னொரு பயனும் இருக்கு. வருஷக் கணக்கா வேலை தெரிஞ்சும் தாள் இல்லாத பாஸ்மாருக்கு, அனுபவத்தை வச்சே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாங்க என்விகியூ, எடுக்க நம்ம நாட்டுல வழி இருக்கு. நைட்டா நிறுவனம் அதைச் செய்யுது. நம்ம மலைப் பக்கத்துலருந்து எத்தனையோ பேர் கொழும்பு கராஜ்ல ‘ஹெல்ப்பர்’னே காலத்தைக் கழிக்கிறாங்க. அளந்து, எழுதி, காரணம் சொல்லி வேலை செய்யிற பழக்கம் இருந்தா அந்தச் சான்றிதழும் கிட்ட வரும்.

“கலைப்பீடத்துல படிக்கிற உங்களுக்கு எதுக்கு இந்த ஸ்பேனர் வேலை?”ன்னு கேட்கிறவங்களுக்கும் பதில் சொல்லணும். இந்த அளவெல்லாம் வண்டியோட சேவிஸ் புத்தகத்துல இருக்கு, பெரும்பாலும் இங்கிலிஷ்ல. நம்ம பாஸ்மாரோட அறிவு வாய்வழியா தமிழ்லயும் சிங்களத்துலயும் ஓடுது. ரெண்டுக்கும் நடுவுல எழுதின தமிழ் ரொம்பக் கொஞ்சம். மலையக மக்களோட 200 வருஷத்தைப் பத்தி 2023-இல் எவ்வளவோ எழுதினோம், பேசினோம். அந்த 200 வருஷத்துல ஃபெக்டரி மெஷினையும் லொறியையும் ஓட வச்ச கைகளோட அறிவை எவ்வளவு எழுதினோம்? மொழி படிக்கிறவங்க செய்ய வேண்டிய வேலைதான் இது. ஒவ்வொரு டிவிஷன்லயும் ஒரு வாசகசாலையோ இளைஞர் கழகமோ இருந்தா, அங்க ஒரு மல்ட்டிமீட்டரும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் இருக்கட்டும். கிரிக்கெட் பெட் இரவல் கொடுக்கிற மாதிரி மீட்டரையும் இரவல் கொடுக்கலாம்.

அடுத்த தடவை யாராவது “கொயில் போச்சு”ன்னு சொன்னா சண்டைக்குப் போகாதீங்க. மரியாதையா ஒண்ணு கேளுங்க: “பாஸ் அண்ணே, சோதிக்கிறதுக்குத் தனியா தர்றேன். பெட்டரி எவ்வளவு, ஓம் எவ்வளவு, பொடியில ஒட்டுதா, ஏசி எவ்வளவுன்னு நாலையும் இந்தத் தாள்ல எழுதித் தருவீங்களா?” எழுதித் தர்ற பாஸை விட்டுராதீங்க. நாலு பேருக்குச் சொல்லி அனுப்புங்க.